ஒரு புல்-அப் கூட எடுக்க வராதவர்களுக்கு

பாரைப் பிடித்துத் தொங்கி, பல்லைக் கடித்துக்கொண்டு இழுத்தும் உடம்பு ஒரு சாண் கூட மேலே வரவில்லையா? வெட்கப்பட இதில் ஒன்றுமில்லை. பழக்கம் இல்லாத பெரியவர்களில் பெரும்பாலோர் நிலை இதுதான். புஷ்-அப் எடுக்கும்போது உடல் எடையில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்குதான் கைகளுக்கு வரும். மீதியைக் கால்கள் வாங்கிக்கொள்ளும். முட்டி போட்டு எடுத்தால் கைகளுக்கு வருவது இன்னும் குறையும். பாரில் தொங்கும்போது அந்தச் சலுகை கிடையாது. 60 கிலோ எடையுள்ளவர் கிட்டத்தட்ட அந்த 60 கிலோவையும் தானே தூக்கியாக வேண்டும்.

புஷ்-அப்பில் இன்று மூன்று வந்தால் அடுத்த வாரம் நான்கு என்று முன்னேறலாம். புல்-அப்பில் ஒன்றுமே வராதவருக்கு எங்கிருந்து தொடங்குவது என்றே தெரியாது. அதனால் பலர் தினமும் பாரில் தொங்கி, வராத புல்-அப்பை நாலைந்து முறை முயன்று பார்த்துவிட்டு இறங்கிப் போகிறார்கள். அந்த முயற்சியில் தசைக்குக் கிடைக்கும் வேலை மிகக் குறைவு. இரண்டு நொடி உதறல், அதுவும் கைகள் நீண்டிருக்கும் அந்த ஒரே நிலையில். வலிமை கூட வேண்டுமானால் தசை அதன் முழு வீச்சிலும், போதிய நேரமும் பளுவைச் சுமக்க வேண்டும். அதற்கு ஏறத் தெரிந்திருக்க வேண்டிய அவசியமில்லை. ஒழுங்காகத் தொங்கவும், எடையில் ஒரு பங்கை இழுக்கவும், மெதுவாக இறங்கவும் பழகினால் போதும். ஏறுவது பின்னால் வரும்.

தோள்மூட்டு எப்போதாவது நழுவியிருந்தாலோ, தோளிலோ முழங்கையிலோ அறுவை சிகிச்சை நடந்திருந்தாலோ, இரத்த அழுத்தம் கட்டுப்பாட்டில் இல்லாவிட்டாலோ மருத்துவரையோ பிசியோதெரபிஸ்டையோ பார்த்துவிட்டுத் தொடங்குங்கள்.

பாரும் பிடியும்

எந்தப் பாராக இருந்தாலும் முதலில் கால் தரையில் இருக்கும்போதே முழு பலத்தோடு கீழே இழுத்துச் சோதித்துப் பாருங்கள். கதவு நிலையில் முறுக்கி இறுக்கும் பார் வசதியானதுதான், ஆனால் உராய்வை மட்டும் நம்பி நிற்பது. நாளாக நாளாகத் தளரும். ஒவ்வொரு முறையும் இறுக்கிப் பார்க்காமல் அதில் தொங்காதீர்கள். சுவரிலோ நிலையிலோ ஸ்க்ரூ போட்டுப் பொருத்தியது அதைவிட நல்லது. பார் தடிமனாக இருந்தால் முதுகு களைப்பதற்கு முன்பே விரல்கள் கைவிட்டுவிடும். 28 முதல் 32 மில்லிமீட்டர் வரை உள்ளது பெரும்பாலான கைகளுக்குச் சரியாக இருக்கும்.

உள்ளங்கை உங்கள் முகத்தைப் பார்க்கும்படி பிடித்தால் அது சின்-அப். எதிர்ப்பக்கம் பார்த்தால் புல்-அப். இரண்டு உள்ளங்கைகளும் ஒன்றையொன்று பார்ப்பது மூன்றாவது பிடி. அதற்கு இணையான கைப்பிடிகள் வேண்டும். சின்-அப்பில் பைசெப்ஸுக்கு, அதாவது மேல்கையின் முன்பக்கத் தசைக்கு, இழுக்க வசதியான நிலை கிடைப்பதால் பெரும்பாலோருக்கு அது எளிது. என் கருத்தில் புதியவர்கள் சின்-அப்பில் தொடங்குவதே புத்திசாலித்தனம். "அது உண்மையான புல்-அப் இல்லையே" என்று யாராவது சொன்னால் சொல்லிவிட்டுப் போகட்டும். இரண்டிலும் உழைக்கும் தசைகள் ஏறக்குறைய அவையேதான், ஒன்றில் சேர்த்த வலிமை மற்றதற்கும் வந்து சேரும். ஒரே ஒரு எச்சரிக்கை: மணிக்கட்டோ முழங்கையோ முறுக்குவது போல் வலித்தால் இணையான கைப்பிடிக்கு மாறிக்கொள்ளுங்கள்.

கைகளுக்கு இடையே தோள் அகலம், அல்லது அதைவிடச் சற்று அதிகம். மிக அகலமாகப் பிடித்தால் முதுகு அதிகம் விரியும் என்ற நம்பிக்கை ஜிம்களில் உண்டு. தொடக்கத்தில் அது வேலையைக் கடினமாக்கித் தோளை வருத்துவதைத் தவிர வேறொன்றும் செய்யாது. கழுத்துக்குப் பின்னால் பார் வரும்படி இழுப்பதும் வேண்டாம்.

இழுப்பது கை மட்டுமா?

அக்குளுக்குக் கீழே தொடங்கி இடுப்பு வரை விரிந்து கிடக்கும் அகன்ற முதுகுத் தசைதான், ஜிம்மில் லாட்ஸ் என்பார்கள், இதில் பெரும் பங்கு வகிக்கிறது. தோள்பட்டை எலும்புகளைக் கீழேயும் பின்னேயும் இழுத்துப் பிடிக்கும் தசைகள் அதற்குத் துணை. பைசெப்ஸும் அதற்கு அடியில் இருக்கும் தசையும் முழங்கையை மடக்குகின்றன, முன்கை பிடியைக் காக்கிறது, வயிறு உடம்பை ஆடாமல் வைக்கிறது.

புதியவர்கள் கையால் மட்டும் இழுக்கப் பார்ப்பார்கள். தோள்கள் காதுவரை ஏறிக்கொள்ளும், முதுகு தூங்கிக்கொண்டிருக்கும். இதை மாற்ற ஒரு எளிய வழி, "பாரை நோக்கி நான் ஏறுகிறேன்" என்று நினைக்காமல் "முழங்கைகளைப் பின்பாக்கெட் பக்கம் இறக்குகிறேன்" என்று நினைத்துக்கொள்வது. நினைப்பில் என்ன இருக்கிறது என்று தோன்றலாம். ஒரு முறை செய்து பாருங்கள், அக்குளுக்குக் கீழே இறுக்கம் தெரியும்.

முதலில் தொங்குங்கள்

கை நீட்டி, பெருவிரலும் பாரைச் சுற்றி வரும்படி பிடித்துத் தொங்குங்கள். 10 நொடி வந்தால் 10 நொடி. சற்று இளைப்பாறி, இப்படி மூன்று நான்கு முறை. ஒரே மூச்சில் 30 நொடி தொங்க முடிகிறவரை இதை விடாதீர்கள். பிடி நிற்காதபோது மற்ற எதையும் ஒழுங்காகச் செய்ய முடியாது.

தொங்கலில் இரண்டு வகை உண்டு. உடம்பை முழுக்கத் தளர்த்தி, தோள் காதைத் தொடும்படி விட்டுத் தொங்குவது ஒன்று. முழங்கையை மடக்காமல் தோள்பட்டைகளை மட்டும் கீழே இறக்கி, கழுத்து நீண்டாற்போல் பிடித்துத் தொங்குவது மற்றது. முதல் நிலையிலிருந்து இரண்டாவதற்குப் போய்த் திரும்பி வாருங்கள். இதுதான் தோள்பட்டை அசைவு. உடம்பு இரண்டு மூன்று அங்குலம்தான் ஏறி இறங்கும், பார்ப்பதற்கு எதுவும் நடக்காதது போலவே இருக்கும். ஆனால் ஒவ்வொரு புல்-அப்பும் தொடங்குவது இந்த இரண்டு அங்குலத்தில்தான். 5 முதல் 8 முறை தொடர்ந்து செய்வது ஒரு செட். இப்படி இரண்டு மூன்று செட். மூட்டுகள் இயல்பிலேயே மிகவும் நெகிழ்வாக இருப்பவர்கள் முழுக்கத் தளர்ந்து தொங்குவதைக் குறைத்து, இறுக்கிய நிலையிலேயே பழகுவது நல்லது.

கால்களைச் சற்று முன்னே கொண்டுவந்து, வயிற்றையும் பிட்டத்தையும் லேசாக இறுக்கிக்கொள்ளுங்கள். ஊஞ்சலாட்டம் நிற்கும்.

படுத்த நிலையில் இழுப்பது

இடுப்பு உயரத்தில் ஒரு பார் கிடைத்தால் அதற்கடியில் மல்லாந்து, குதிகால் தரையில் ஊன்றி, உடம்பைப் பலகை போல் நேராக வைத்து, நெஞ்சு பாரைத் தொடும்வரை இழுங்கள். இதை ரோ என்பார்கள். கால் தரையில் இருப்பதால் எடையில் ஒரு பங்குதான் கைக்கு வரும், அந்தப் பங்கைக் கூட்டிக் குறைக்கும் வசதியும் உங்கள் கையிலேயே இருக்கிறது. உடம்பு நிமிர்ந்த சாய்வில் இருந்தால் எளிது, தரைக்கு இணையாக வரவரக் கடினம். முட்டியை மடக்கினாலும் எளிதாகும். 8 முதல் 12 முறை, 3 செட். பன்னிரண்டும் தடையில்லாமல் வந்துவிட்டால் உடம்பைத் தரைக்கு இன்னும் இணையாகக் கொண்டுவாருங்கள்.

இங்கே இடுப்பு தொய்ந்து தொங்குவதுதான் வழக்கமான குறை. நெஞ்சுக்குப் பதிலாகத் தாடையை நீட்டித் தொடுவது இன்னொன்று. இரண்டும் களைப்பின் அடையாளங்கள். அப்படி ஆனால் செட்டை அங்கேயே நிறுத்திவிடுங்கள்.

ஜிம்முக்குப் போகிறவர்கள் மேலிருந்து கீழே இழுக்கும் லாட் புல்டவுன் மெஷினையும் பயன்படுத்தலாம். நல்ல கருவிதான். ஆனால் அதில் தொடை அமுக்கிப் பிடிக்கப்பட்டிருக்கும், உடம்பு ஆடாது. ஆகவே மெஷினில் தன் எடை அளவுக்கு இழுப்பவருக்கும் பாரில் ஒன்று வராமல் போகலாம். மெஷின் கூடுதலாக இருக்கட்டும், தொங்குவதை அது ஈடுசெய்யாது.

இறங்குவது

இந்த வழியின் மையமே இதுதான், அதனால் கொஞ்சம் விரிவாகப் பேசலாம். தசை சுருங்கியபடி தூக்கக்கூடிய பளுவைவிட, நீண்டபடி தாங்கி இறக்கக்கூடிய பளு அதிகம். மேலே ஏற முடியாதவர்கூட மேலிருந்து கட்டுப்பாட்டோடு இறங்க முடிவது இதனால்தான். அப்படி இறங்கும்போது முழு உடல் எடையையும், புல்-அப்பின் முழு வீச்சிலும், அதே தசைகளே சுமக்கின்றன. ஏற முடியாத ஒருவர் தன் முழு எடையையும் முழு வீச்சில் சுமந்து பழக இதைவிட நேரான வழி எனக்குத் தெரியாது. ஜிம்மில் இதை நெகட்டிவ் என்பார்கள்.

உறுதியான ஒரு ஸ்டூலைப் பாருக்குக் கீழே போட்டு, அதில் ஏறி, தாடை பாருக்கு மேலே இருக்கும்படி நில்லுங்கள். எட்டிக் குதித்து ஏறுவதைவிட இது பாதுகாப்பு. குதித்தால் அந்த வேகமும் ஆட்டமும் தோளில் இறங்கும். பிடியை இறுக்கி, தோள்பட்டையைக் கீழே அழுத்தி, காலை மெல்ல எடுங்கள். மேலேயே இரண்டு மூன்று நொடி நில்லுங்கள். அது முடியாவிட்டால் முதல் ஓரிரு வாரம் மேலே நிற்பதை மட்டும் பழகுங்கள், 10 நொடி வரும்வரை. அப்புறம் இறங்கத் தொடங்கலாம்.

முதலில் 3 நொடியில் கீழே வந்தாலும் சரி. இலக்கு 8 முதல் 10 நொடி. பெரும்பாலோர் பாதி தூரம் அழகாக இறங்கி, முழங்கை செங்கோணத்தைத் தாண்டியதும் பொத்தென்று விழுவார்கள். அந்த விழுகிற இடம்தான் உங்கள் பலவீனம் இருக்கும் இடம். கைகள் முழுக்க நீளும்வரை பிடித்து இறக்குங்கள். மூச்சை அடக்காதீர்கள். கீழே வந்ததும் காலை ஸ்டூலில் ஊன்றி, மறுபடி மேலே ஏறுங்கள். தொடர்ச்சியாகச் செய்ய வேண்டியதில்லை. ஒன்று, பிறகு ஒரு நிமிடத்துக்கு மேல் ஓய்வு, மறுபடி ஒன்று. மொத்தம் நான்கைந்து. இவ்வளவு குறைவா என்று கேட்கத் தோன்றும். முதல் மாதத்துக்கு இவ்வளவுதான்.

காரணம் இருக்கிறது. இறங்கும் வேலை தசையை வழக்கத்தைவிட அதிகமாக வாட்டும். வலி அன்றைக்குத் தெரியாது. மறுநாளோ அதற்கு அடுத்த நாளோதான் உச்சத்துக்கு வரும். ஆகவே முதல் நாள் "ஒன்றும் வலிக்கவில்லையே" என்று இருபது முப்பது செய்துவிடுவது ஆபத்து. பழகாத உடம்பில் அளவு மீறினால் தசை நார்கள் சிதைந்து, அவற்றிலிருந்து வெளிவரும் பொருள் சிறுநீரகத்தைப் பாதிக்கும் நிலை அரிதாக ஏற்படுவதுண்டு. கை வீங்கி, நீட்டவோ மடக்கவோ முடியாத அளவுக்கு வலித்து, சிறுநீர் அடர் பழுப்பாகப் போனால் காத்திருக்காமல் உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும். சாதாரண வலி என்றால் இரண்டு மூன்று நாளில் தானாகத் தணியும், அடுத்தடுத்த வாரங்களில் அதே அளவு வேலைக்கு வலியும் குறையும்.

ரப்பர் பேண்ட் வாங்கலாமா?

வாங்கலாம், ஆனால் அது எங்கே உதவுகிறது என்று தெரிந்துகொண்டு வாங்குங்கள். பாரில் மாட்டிய ரப்பர் பேண்டில் காலையோ முட்டியையோ வைக்கும்போது, நீங்கள் கீழே இருக்கையில் அது அதிகம் இழுபட்டிருக்கும், அதிகம் தூக்கிவிடும். மேலே போகப் போகத் தளரும், உதவியும் குறையும். அதாவது உங்களுக்குக் கீழ்ப்பாதிதான் வராது என்றால், பேண்ட் அந்த இடத்தையே உங்களுக்காகச் செய்து கொடுத்துவிடும். பேண்டோடு பத்து எடுப்பவர் அதை எடுத்துவிட்டால் அசையாமல் நிற்பது இதனால்தான்.

எனக்குப் பிடித்தது கால் உதவி. ஸ்டூலிலோ தரையிலோ முன்பாதத்தை ஊன்றி, எவ்வளவு குறைவாக முடியுமோ அவ்வளவு குறைவாகக் காலால் உந்தி ஏறுவது. எந்த இடத்தில் எவ்வளவு உதவி என்பதை நீங்களே தீர்மானிக்கலாம். ஏமாற்றிக்கொள்ளவும் இதில் வசதி உண்டு, ஆகவே கொஞ்சம் நேர்மை வேண்டும்.

எங்கே நிற்கிறது என்று பாருங்கள்

மூன்று நான்கு வாரம் ஆனதும் பக்கவாட்டிலிருந்து ஒரு வீடியோ எடுத்துப் பார்ப்பது பயன் தரும். கை நீட்டித் தொங்கிய நிலையிலிருந்து கிளம்பவே முடியவில்லை என்றால் தோள்பட்டை அசைவும், நெகட்டிவின் கடைசிப் பகுதியும் போதவில்லை. கீழ்ப்பகுதியில் ஒவ்வொரு நெகட்டிவிலும் இரண்டு நொடி நின்று இறங்குங்கள். நடுவில், முழங்கை செங்கோணத்தில் சிக்கினால் அந்த இடத்திலேயே 5 நொடி நிற்கும் பயிற்சி. நெற்றி பாரைத் தொட்டும் தாடை மேலே போகவில்லை என்றால் மேலே நிற்பதற்கும் ரோவுக்கும் கூடுதல் நேரம் கொடுங்கள். ரோவில் நெஞ்சு பாரைத் தொட்ட நிலையில் ஒரு நொடி நிறுத்துங்கள். பிடிதான் முதலில் போகிறது என்றால் தொங்கும் நேரத்தைக் கூட்டுங்கள். வியர்வைக் கைக்கு, பிடி வழுக்காமல் இருக்க ஜிம்மில் பூசிக்கொள்ளும் வெள்ளைச் சாக் (chalk) பொடி நன்றாக உதவும். காய்ப்பு தடித்து மேடானால் தேய்த்துச் சமன் செய்துவிடுங்கள், இல்லாவிட்டால் ஒரு நாள் கிழியும்.

வாரக் கணக்கு

வாரத்தில் மூன்று நாள், இடையே ஒரு நாளாவது இடைவெளி. கைகளைச் சுழற்றிச் சற்று உடம்பைச் சூடாக்கிவிட்டு, தோள்பட்டை அசைவு இரண்டு செட். அடுத்து, களைப்பு வருவதற்கு முன்பே, நெகட்டிவ் நான்கைந்து. அதற்குப் பிறகு ரோ மூன்று செட். கடைசியில் ஒரு நீண்ட தொங்கல். செட்டுகளுக்கு நடுவே இரண்டு மூன்று நிமிடம் ஓய்வு எடுங்கள். வேர்த்து மூச்சிரைப்பது இங்கே நோக்கமில்லை. எல்லாம் சேர்த்து அரை மணி நேரத்தில் முடிந்துவிடும். மூன்று நாளில் ஒரு நாள் நெகட்டிவுக்குப் பதில் கால் உதவியோடு 5 முறை வீதம் மூன்று செட் எடுக்கலாம். முதுகுக்கு மட்டும் வேலை கொடுத்து நெஞ்சை விட்டுவிட வேண்டாம், புஷ்-அப்பும் கூடவே இருக்கட்டும்.

எவ்வளவு நாளாகும்? எடை, வயது, முன்பழக்கம் எல்லாவற்றையும் பொறுத்தது. சிலருக்கு ஆறேழு வாரத்தில் வந்துவிடும், பலருக்கு மூன்று நான்கு மாதம், சிலருக்கு அதற்கும் மேல். சராசரியாகப் பெண்களுக்கு மேலுடல் தசை குறைவு என்பதால் நாள் கூடலாம், ஆனால் வழி இதேதான். முதல் சில வாரங்களில் தெரியும் முன்னேற்றம் தசை பெருத்ததால் வருவது அன்று. இருக்கிற தசையை நரம்புகள் சேர்த்து இயக்கக் கற்றுக்கொள்வதால் வருவது. அதனால்தான் கண்ணாடியில் ஒரு மாற்றமும் தெரியாமலே பாரில் மாற்றம் தெரியும்.

எடை பற்றியும் சொல்லியாக வேண்டும். உடம்பில் கூடுதல் கொழுப்பு இருந்தால் அதில் நான்கைந்து கிலோ குறைந்தாலே புல்-அப்பில் வித்தியாசம் நன்றாகத் தெரியும். அதற்காகப் பட்டினி கிடந்தால் தசையும் சேர்ந்து போகும், பயிற்சியும் கெடும். உடல் எடையின் ஒவ்வொரு கிலோவுக்கும் நாளொன்றுக்கு 1.2 முதல் 1.6 கிராம் புரதம் கிடைக்கும்படி பார்த்துக்கொள்ளுங்கள். சிறுநீரக நோய் உள்ளவர்கள் மட்டும் மருத்துவரைக் கேட்காமல் புரதத்தைக் கூட்ட வேண்டாம்.

முழங்கை முணுமுணுத்தால்

தசை வேகமாகப் பழகும், அதை எலும்போடு கட்டியிருக்கும் தசைநாண்கள் மெதுவாகத்தான் பழகும். புல்-அப் பழகுபவர்களுக்கு முழங்கையின் உள்பக்க எலும்பு முனையில் வலி வருவது இந்த இடைவெளியில்தான். கதவுக் குமிழைத் திருகும்போதோ பாத்திரத்தைத் தூக்கும்போதோ அந்த இடம் சுருக்கென்றால், நெகட்டிவைப் பாதியாகக் குறைத்து, இணையான கைப்பிடிக்கு மாறுங்கள்; அப்போதும் வலித்தால் இரண்டு வாரம் ரோவோடு நிறுத்திக்கொள்ளுங்கள். வலியைப் பொறுத்துக்கொண்டு தொடர்வது வீரமாகத் தெரியலாம், ஆனால் இரண்டு வாரத்தில் போகவேண்டியது மாதக்கணக்கில் நீளும். தோளின் முன்பக்கம் குத்தினாலோ, கை மரத்துப்போனாலோ பயிற்சியை நிறுத்திவிட்டு மருத்துவரிடமோ பிசியோதெரபிஸ்டிடமோ காட்டுங்கள்.

முதல் புல்-அப் நாள்

ஒவ்வொன்றும் 8 நொடிக்குக் குறையாமல் நான்கு நெகட்டிவ், கடைசி அங்குலம் வரை கட்டுப்பாட்டோடு வந்துவிட்டதா? அப்படியானால் சோதித்துப் பார்க்கலாம். இரண்டு நாள் முழு ஓய்வுக்குப் பிறகு, உடம்பைச் சூடாக்கிவிட்டு, வேறு எதுவும் செய்வதற்கு முன்பே முயலுங்கள். தோள்பட்டையை இறக்கி, மூச்சை விட்டுக்கொண்டே முழங்கையை இறக்குங்கள். காலை உதறி வேகம் வாங்காதீர்கள். ஆட்டிக் குதித்து ஏறும் முறைக்குத் தோள் வலுவாக இருக்க வேண்டும், அது பிறகு பார்த்துக்கொள்ளலாம். வராவிட்டால் இரண்டே முயற்சி, அதோடு விட்டுவிட்டு வழக்கமான பயிற்சிக்குத் திரும்பி, இரண்டு வாரம் கழித்து மறுபடி பாருங்கள்.

வந்துவிட்டால், இரண்டாவதை அதே மூச்சில் எடுக்கத் துடிக்க வேண்டாம். ஒன்று எடுத்து, இரண்டு நிமிடம் இளைப்பாறி, இன்னொன்று. இப்படி ஒரு பயிற்சியில் நான்கைந்து ஒற்றைகள், ஒவ்வொன்றையும் மெதுவாக இறக்கி முடியுங்கள். அந்த ஐந்தும் தடுமாறாமல் வரத் தொடங்கியதும் இரண்டு இரண்டாக எடுக்கலாம். சின்-அப் தொடர்ந்து மூன்று வரும்போது, பயிற்சியின் முதல் ஒற்றையை மட்டும் உள்ளங்கை எதிர்ப்பக்கம் பார்க்கும் பிடிக்கு மாற்றுங்கள். மற்றவை பழைய பிடியிலேயே இருக்கட்டும். நெகட்டிவை அந்தக் கட்டத்தில் வாரம் ஒரு நாளாகக் குறைத்துக்கொள்ளலாம்.